குப்பைக்கு எத்தனை கலோரி?

டிஸ்கி: இது கொஞ்சம் கணக்குப் பதிவு. எண்ணைப் பார்த்தாலே தலை சுத்துறவங்க நேரா கடைசிக்குத் தாவிடலாம். ஆனா நடுவுல எங்க பெரியப்பா வர்றார். அவரைத் தாண்டிப் போனா நஷ்டம் உங்களுக்குத்தான் :-)

நான் படிச்சது மெக்கானிக்கல். புடுங்குற ஆணி சாஃப்ட்வேர். அதனால எங்கயாவது 'கலோரி', 'பாய்லர்' மாதிரி வார்த்தை கண்ணுல பட்டா நாலு வருஷம் வீணாப் போகலைன்னு நிரூபிக்க ஒரு சான்ஸ் கிடைச்ச சந்தோஷம் வந்துடும். இந்தத் தடவை அந்தச் சந்தோஷத்துக்கு நல்லா மொத்து வாங்கினேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் வளர்ந்தது எருக்கஞ்சேரி பக்கம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு எங்களுக்குக் காத்தடிக்கிற திசையில இருக்கு. 300 ஏக்கருக்கும் மேல பரந்து கிடக்கற மலை அது. ஸ்கூல் படிக்கும்போது ராத்திரி திடீர்னு அம்மா எழுந்து ஜன்னலை எல்லாம் சாத்துவாங்க. அப்படின்னா கிடங்குல தீப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம். வெயில் காலத்துல வியர்த்துக் கொட்ட, ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்திருந்த ராத்திரிகள் எனக்கு நிறைய உண்டு. அதனால கொடுங்கையூர்ல குப்பையை எரிச்சு மின்சாரம் எடுக்கற உலை வைக்கப் போறாங்கன்னு செய்தி வந்தப்போ, உள்ளுக்குள்ள நான் கைதட்டினேன். எப்படியும் எரியுது, அதை ஒழுங்கா ஒரு பெட்டிக்குள்ள எரிச்சா கரண்டாவது வருமேன்னு ஒரு நினைப்பு.

அதே திட்டத்தை எதிர்த்து 2025-ல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி நின்னாங்க. எங்க குடும்ப வாட்ஸப் குழுவுல சண்டை ஆரம்பிச்சது. நான் இன்ஜினியராச்சே, சும்மா இருப்பேனா? எக்ஸெல் ஷீட்டைத் திறந்து அரை மணி நேரத்துல ஒரு கணக்குப் போட்டு, "நம்ம குப்பையோட வெப்ப மதிப்பு கிலோவுக்கு 3,360 கிலோகலோரி. நம்ம ஊர் நிலக்கரிக்குக் கிட்டத்தட்ட சமம். எதுக்கு எதிர்க்கறீங்க?"ன்னு பெருமையா அனுப்பினேன்.

ரெண்டு நிமிஷத்துல பெரியப்பாகிட்ட இருந்து போன். அவர் வடசென்னைப் பக்கம் ஒரு அனல்மின் நிலையத்துல பாய்லர் செக்‌ஷன்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

"டேய் தம்பி, இது காய வச்ச குப்பையோட கணக்கா, வண்டியில வர்ற குப்பையோட கணக்கா?"

"காய வச்சதுதான் பெரியப்பா. லேப்ல அப்படித்தானே பண்ணுவாங்க."

"அப்ப உங்க ஆயா மாதிரி நீயும் மொட்டை மாடியில வடகம் காயப் போடற மாதிரி குப்பையைக் காயப் போட்டு எரிக்கப் போறியா? மழைக்காலத்துல ஈரக் கரி வந்து நாங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கரிக்கே அந்தக் கதி. நீ போட்டது மார்க் ஷீட் கணக்கு. சம்பளக் கணக்கு போட்டுட்டு வா."

ஙே-ன்னு உக்காந்தேன். ஆனா அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்த வார இறுதி முழுக்க உக்காந்து போட்ட சம்பளக் கணக்குதான் இந்தப் பதிவு.

முதல்ல லேப்ல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். பாம் கலோரிமீட்டர்னு ஒரு கருவி. பேருதான் பாம், பயப்படாதீங்க. தடிமனான எஃகுக் குடுவைக்குள்ள ஒரு கிராம் அளவுக்குக் காய்ந்து அரைச்ச பொருளை வச்சு, அழுத்தத்துல ஆக்சிஜனை நிரப்பி, மின்கம்பியால பத்த வைப்பாங்க. குடுவையைச் சுத்தி இருக்கற தண்ணி எத்தனை டிகிரி சூடாச்சோ, அதை வச்சு வெப்பத்தைக் கணக்கிடணும்.

இதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, அந்த ஒரு கிராம். நிலக்கரியில ஒரு கிராம் எடுத்தா ஓரளவு மத்ததும் அதே மாதிரி இருக்கும். குப்பையில? ஒரு லாரியில வாழை இலை, அடுத்த லாரியில அட்டைப் பெட்டி, அதுக்கடுத்ததுல கட்டட இடிபாடு. அதனால குவியலா கொட்டி, கலந்து, நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளிட்டு, மிச்சத்தைத் திரும்பக் கலந்து, திரும்பப் பிரிச்சுன்னு குறைச்சுக்கிட்டே வரணும். இதை எந்த மாசத்துல, எந்த ஏரியாவுல, எத்தனை தடவை பண்ணாங்கங்கறதுல பாதி விடை இருக்கு.

ரெண்டாவது சிக்கல் தண்ணி. குடுவை மூடி இருக்கறதால உள்ள உண்டான நீராவி திரும்பத் தண்ணியா குளிர்ந்து, தன்கிட்ட இருந்த வெப்பத்தையும் கொடுத்துடும். அதை மொத்த வெப்ப மதிப்புன்னு சொல்றோம். நிஜ உலையில ஆவி புகைபோக்கி வழியா டாட்டா காட்டிட்டுப் போயிடும். அது எடுத்துக்கிட்டுப் போறதைக் கழிச்சா வர்றது நிகர வெப்ப மதிப்பு. ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்க சுமார் 584 கிலோகலோரி வேணும். ஈர விறகை அடுப்புல வச்சவங்களுக்கு இது தெரியும். ஒரு முனை எரியும், இன்னொரு முனையில நுரை தள்ளி உஸ்ஸுனு சத்தம் வரும். ஊதுகுழலால ஊதி ஊதிக் கண்ணு சிவக்கும். சோறு வேகவேண்டிய வெப்பம் விறகைக் காய வைக்கவே போயிடும்.

சரி, கணக்கு. 100 கிலோ குப்பைன்னு வச்சுக்குவோம். கீழே இருக்கற பிரிவு என்னோட அனுமானம். உங்க ஊருக்கு ஏத்த மாதிரி எண்ணை மாத்திப் போட்டுக்கலாம்.

சமையலறைக் கழிவு, இலைதழை: 55 கிலோ (70 சதவீதம் ஈரம்)
காகிதம், அட்டை: 8 கிலோ (15 சதவீதம் ஈரம்)
பிளாஸ்டிக்: 10 கிலோ (5 சதவீதம் ஈரம்)
துணி, மரம், ரப்பர்: 5 கிலோ (15 சதவீதம் ஈரம்)
மண், கல், கண்ணாடி: 22 கிலோ (8 சதவீதம் ஈரம்)

கூட்டிப் பார்த்தா இதுல காய்ந்த பொருள் 57.3 கிலோ. தண்ணி மட்டும் 42.7 கிலோ. அதாவது லாரி வாடகையில பாதிக்குக் கொஞ்சம் குறைவா நாம தண்ணிக்குக் கொடுக்கறோம்.

காய்ந்த நிலையில உணவுக்கும் காகிதத்துக்கும் கிலோவுக்கு 4,000, துணி வகைக்கு 4,400, பிளாஸ்டிக்குக்கு 8,500 கிலோகலோரின்னு போட்டேன். மண்ணுக்குச் சைபர். மொத்தம் 1,92,650 கிலோகலோரி.

இப்ப வேடிக்கையைப் பாருங்க.

இதைக் காய்ந்த எடை 57.3-ஆல் வகுத்தா 3,360. நான் வாட்ஸப்ல பீத்திக்கிட்ட எண்.

வண்டியில வர்ற எடை 100-ஆல் வகுத்தா 1,930.

இன்னும் முடியல. குப்பையில இருக்கற 42.7 கிலோ தண்ணி மட்டுமில்லாம, பொருள்ல இருக்கற ஹைட்ரஜன் எரிஞ்சும் தண்ணி உண்டாகும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ தண்ணி. அது இங்க 26 கிலோ வருது. ரெண்டும் சேர்ந்து ஆவியா எடுத்துக்கிட்டுப் போறது 40,000 கிலோகலோரிக்கு மேல. கழிச்சா மிஞ்சறது கிலோவுக்கு 1,525.

அதே குப்பை. 3,360, 1,930, 1,525. மூணுமே "வெப்ப மதிப்பு"தான். மூணுமே பொய் இல்ல. ஒரு திட்ட அறிக்கையில எந்த எண்ணைப் போடறோம்கறதுல உலை ஓடுமா ஓடாதாங்கற தலையெழுத்தே மாறுது.

1,525 போதுமா? 1999-ல் உலக வங்கி வெளியிட்ட குப்பை எரிப்பு வழிகாட்டியில, வருஷ சராசரி நிகர மதிப்பு கிலோவுக்கு குறைஞ்சது 7 மெகாஜூல் இருக்கணும், எந்தப் பருவத்துலயும் 6-க்குக் கீழ இறங்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நம்ம கணக்குல சொன்னா 1,670-ம் 1,430-ம். நம்ம குப்பை ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. அரியர் :-)

இப்ப ஐப்பசி மழையைக் கொண்டு வாங்க. மூடி இல்லாத தொட்டியில 100 கிலோ குப்பை 20 கிலோ மழைத்தண்ணியைக் குடிக்குதுன்னு வைங்க. மதிப்பு 1,170-க்கு விழுது. ஈரம் 50 சதவீதத்தைத் தாண்டிடுது. டேனர் முக்கோணம்னு ஒண்ணு இருக்கு. ஈரம் 50 சதவீதத்துக்குள்ள, சாம்பல் 60-க்குள்ள, எரியக் கூடிய பொருள் 25-க்கு மேல இருந்தாத்தான் வேற எரிபொருள் சேர்க்காம குப்பை தானா எரியும்னு சொல்ற எளிமையான சோதனை. மழைக் குப்பை அதுல தோத்துடுது. டீசல் ஊத்தித்தான் எரிக்கணும்.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். எரிஉலைகள்ல குப்பையை வந்ததும் உள்ள தள்ளிட மாட்டாங்க. பெரிய குழியில சில நாள் போட்டு நீர் வடிய விடுவாங்க. 10 கிலோ வடிஞ்சா நம்ம சாதா நாள் குப்பை 1,760-க்கு ஏறிடும். பாஸ். மழைநாள் குப்பையில 20 கிலோ வடிஞ்சா பழைய 1,525. வடிஞ்ச அந்தச் சாக்கடையைச் சுத்திகரிக்கறது தனிச் செலவு, ஆனா முடியாத காரியம் இல்ல. அதனால "நம்ம குப்பை எரியவே எரியாது"ன்னு நான் சொல்ல வரல.

நான் சொல்ல வர்றது வேற. அது எதனால எரியுதுங்கறதை.

ஒவ்வொரு பொருளும் கொடுக்கற நிகர வெப்பத்தைத் தனித்தனியா பிரிச்சுப் பார்த்தேன். எடையில வெறும் 10 சதவீதம் இருக்கற பிளாஸ்டிக், வெப்பத்துல 49 சதவீதத்தைக் கொடுக்குது. எடையில 55 சதவீதம் இருக்கற சமையலறைக் கழிவு கொடுக்கறது 25 சதவீதம். கிலோவுக்கு 690 கிலோகலோரிதான். தன் ஈரத்தையும் எரியும்போது உண்டாகற தண்ணியையும் ஆவியாக்கவே பாதிக்குக் கொஞ்சம் குறைவா செலவழிச்சுடுது. குப்பை மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கணக்குலதான் நம்ம நாட்டுல சேர்க்கறாங்க. என் எக்ஸெல் ஷீட்படி அதுல ஏறக்குறைய பாதி, கேரி பேக் வேஷத்துல வந்த பெட்ரோலியம்.

சரி, அந்த பிளாஸ்டிக்கில் பாதியைக் குப்பை பொறுக்குறவங்களும் காயலான் கடைக்காரரும் முன்னாடியே எடுத்துட்டா? 1,525 விழுந்து 1,210 ஆயிடுது. குழியில 10 கிலோ தண்ணி வடிஞ்சாலும் 1,425. மழையும் சேர்ந்து, வடியவும் விடலைன்னா 900.

இது என் கற்பனை இல்ல. டெல்லி திமார்ப்பூர்ல 1987-ல் டென்மார்க் தொழில்நுட்பத்துல ஒரு எரிஉலை கட்டினாங்க. தினமும் 300 டன் குப்பை, 3.75 மெகாவாட். வடிவமைச்சது கிலோவுக்கு சுமார் 1,460 கிலோகலோரின்னு நம்பி. வந்து சேர்ந்த குப்பை 600-லிருந்து 700. காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் வழியிலயே பொறுக்கப்பட்டு விலைக்குப் போயாச்சு. மிச்சம் மண்ணும் ஈரமும். சுமார் மூணு வாரம் ஓடி நின்னு போச்சு. கோடிக்கணக்குல போட்ட உலை, ஒரே ஒரு எண் தப்பானதால படுத்துடுச்சு.

அதே டெல்லியில ஓக்லாவுல 2012-ல் இன்னொரு உலை வந்து ஓட ஆரம்பிச்சது. ஆக எரிக்க முடியும்னு நிரூபணம் ஆச்சு. ஆனா சுத்தி இருக்கற குடியிருப்புக்காரங்க புகையைப் பத்தி கோர்ட் வரைக்கும் போனாங்க. இதுக்கும் வெப்ப மதிப்புக்கும் சம்பந்தம் இருக்கு. உலைக்குள்ள புகை குறைஞ்சது 2 நொடியாவது 850 டிகிரியில இருக்கணும்கறது ஐரோப்பாவுல வச்சிருக்கற விதி. அதுக்குக் கீழ இறங்கினா டையாக்சின் மாதிரி விஷங்கள் முழுசா அழியாது. ஈரக் குப்பை வந்தா சூடு இறங்கும். சூடு இறங்கினா டீசல் ஊத்தணும். டீசலுக்குக் காசு. ராத்திரி ரெண்டு மணிக்கு, கேக்க ஆள் இல்லாத நேரத்துல, அந்தக் காசை யார் செலவழிப்பாங்க? என் கேள்வி இவ்வளவுதான். எண் தப்பானா கம்பெனிக்கு நஷ்டம். அதோட நிக்காது, அம்மா திரும்பவும் ஜன்னலைச் சாத்தணும்.

"சிங்கப்பூர்ல எரிக்கலையா? அங்க மழை இல்லையா?"ன்னு கேப்பீங்க. எரிக்கறாங்க. 1979-லேயே உலு பாண்டான்ல உலை வச்சுட்டாங்க. சாம்பலை 1999-லிருந்து செமாக்காவ் தீவுல கொட்டறாங்க. ஆனா அங்க குப்பை பையில கட்டி, மூடின தொட்டி வழியா, மூடின வண்டியில போகுது. நம்ம தெருமுனைத் தொட்டியை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. அதுக்குள்ள மாடு இருக்கும்.

இப்ப கணக்கோட கடைசிப் பகுதி. எனக்கே தூக்கி வாரிப் போட்ட பகுதி.

எங்க அம்மா வீட்டுல ரெண்டு பக்கெட் வச்சிருக்காங்க. பச்சை ஒண்ணு, நீலம் ஒண்ணு. காய்கறித் தோலை நீலத்துல போட்டா இந்த வயசுலயும் எனக்குத் திட்டு விழும். ஊர் முழுக்க எங்க அம்மா மாதிரி பிரிச்சுக் கொடுத்தா என்ன ஆகும்னு போட்டுப் பார்த்தேன். 55 கிலோ ஈரக் கழிவு தனியா போயிடுது. மிச்சம் 45 கிலோ, மதிப்பு 2,550. அருமையான எரிபொருள். அதுல பாதி பிளாஸ்டிக்கும் பாதிக் காகிதமும் காயலான் கடைக்குப் போய், மண்ணையும் கல்லையும் சலிச்சு எடுத்துட்டா, மதிப்பு 4,700. நிலக்கரியே வெட்கப்படும். ஆனா அளவு? 100 கிலோவுல வெறும் 14 கிலோ.

அந்த 14 கிலோவுக்குத் தினமும் ஆயிரக்கணக்கான டன் விழுங்கற உலை எதுக்கு? சிமெண்ட் சூளைகளே நிலக்கரிக்குப் பதிலா அதை வாங்கி எரிக்கலாம். ஈரமான 55 கிலோவை உரமாவோ எரிவாயுவாவோ ஆக்கலாம். எரிக்கறதுக்கு வில்லனா இருக்கற அதே தண்ணி, சாண எரிவாயுக் கலனுக்கு ஹீரோ.

திருப்பிப் பாருங்க. ஒரு பெரிய உலையைக் கட்டி, தினமும் இத்தனை டன் தர்றேன்னு பல வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிட்டா, அந்த உலைக்கு எடைக்காக ஈரக் குப்பை வேணும், சூட்டுக்காக பிளாஸ்டிக் வேணும். ஊர் நல்லாப் பிரிக்கப் பழகினா உலை பட்டினி. எங்க அம்மாவோட நீல பக்கெட் அதுக்கு எதிரி ஆயிடும். ஊர் திருந்தினா நஷ்டப்படற ஒரு மெஷினை ஊர்க் காசுல கட்டலாமா?

2016 திடக்கழிவு விதிகள்லயே, மறுசுழற்சிக்கு ஆகாத, 1,500 கிலோகலோரியும் அதுக்கு மேலயும் உள்ள கழிவைக் கிடங்குல கொட்டக் கூடாது, ஆற்றல் எடுக்கத்தான் பயன்படுத்தணும்னு எழுதியிருந்தாங்க. எல்லாரும் 1,500-ஐப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி இருக்கற "மறுசுழற்சிக்கு ஆகாத"ங்கற வார்த்தைதான் அந்த வரியோட உயிர். முதல்ல பிரி, அப்புறம் மிச்சத்தை அளந்து பாருன்னுதான் நான் அதைப் படிக்கறேன்.

அதனால உங்க ஊர்ல இப்படி ஒரு திட்டம் வந்தா, ஆதரிக்கறதுக்கும் எதிர்க்கறதுக்கும் முன்னாடி மூணே கேள்வி கேளுங்க. அறிக்கையில இருக்கற வெப்ப மதிப்பு காய்ந்ததா, ஈரத்தோடயா, மொத்தமா, நிகரமா? மாதிரி எடுத்தது எந்த மாசம், பொறுக்குறவங்க கை வைக்கறதுக்கு முன்னயா பின்னயா? ஊர் முழுக்கக் குப்பையைப் பிரிச்ச பிறகு எத்தனை டன் மிஞ்சும், உலையோட அளவு அதுக்குப் பொருந்துதா? மூணுக்கும் நேரான பதில் வந்தா நானே முதல் ஆளா கைதட்டுவேன். வரலைன்னா, மனிதச் சங்கிலியில நின்னவங்க என்னை விட நல்ல இன்ஜினியர்கள்னு ஒத்துக்கறேன்.

புதுக் கணக்கை வாட்ஸப் குழுவுல போட்டு, "3,360-னு சொன்னது தப்பு, மன்னிக்கவும்"னும் எழுதிட்டேன். பெரியப்பா ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினார். அப்புறம் தனியா போன் பண்ணி, "பிளாஸ்டிக்ல ஹைட்ரஜன் எவ்வளவு போட்ட?"ன்னு கேட்டார். 12 சதவீதம்னேன். "ம்ம்"னு வச்சுட்டார். அது பாஸ்னு அர்த்தமா, அரியர்னு அர்த்தமான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

பி.கு: மெக்கானிக்கல், கெமிக்கல், சிவில் படிச்ச பதிவர்கள் யாராவது இருந்தா கணக்கைக் கிழிச்சுத் தொங்க விடுங்க. உங்க வீட்டுக் குப்பையை ஒரு வாரம் பிரிச்சு எடை போட்டவங்க இருந்தா பின்னூட்டத்துல எண்ணைப் போடுங்க, ஷீட்ல ஏத்திப் பார்ப்போம். கும்மி அடிக்கறவங்க தயவுசெஞ்சு பச்சை பக்கெட், நீல பக்கெட்னு பிரிச்சு அடிக்கவும் :-)